காளத்தித் துணியில் ஒரு சரித்திரப் பாடம்

வெளி மாநிலங்களில் குடியேறிய தமிழ்ப் பெற்றோர் பலருக்கு ஒரு கவலை உண்டு. பள்ளியில் குழந்தை தேச சரித்திரத்தை வேறொரு மொழியில் கற்கிறது. வீட்டில் முன்னோர் மரபைச் சொல்லத் தொடங்கினாலோ, அமர்ந்து கேட்பதில்லை. இவ்விரண்டையும் ஒரே துணியில் எழுதிக் காட்டும் ஊர் ஒன்று திருப்பதிக்கு அருகில், பொன்முகலியாற்றங்கரையில் இருக்கிறது. அதுவே திருக்காளத்தி. நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அவ்வூர், 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் உள்ளது.

அங்கு வளர்ந்த கலைக்குக் கலம்காரி என்று பெயர். கலம் என்பது எழுதுகோல். கோயில் திரைச்சீலையின் நடுவே தெய்வ உருவத்தையும், சுற்றிலும் கட்டங்கட்டமாகக் கதையையும் எழுதி, ஆங்காங்கே தெலுங்கில் விளக்க வரியும் சேர்ப்பர். எழுத்தறியாதாரும் படத்தால் கதை அறிந்தனர். இக்கலை நலிந்து, வல்லவர் மிகச் சிலரே எஞ்சிய வேளையில், கமலாதேவி சட்டோபாத்தியாயரின் ஊக்கத்தால் 1957-இல் அங்கே பயிற்சி நிலையம் ஏற்பட்டது. ஜொன்னலகட்ட லட்சுமையா ஆசிரியராக அமர்ந்தார். அவர் புதல்வர் குரப்ப செட்டி 2008-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

எழுதும் முறையே ஒரு பாடந்தான். துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப் பாலிலும் தோய்த்து உலர்த்துவர். பாலின் கொழுப்பு மை பரவாமல் தடுக்கும். துருப்பிடித்த இரும்பை வெல்ல நீரில் பல நாள் ஊறவைத்தால் மை கிடைக்கும். மூங்கில் கோலில் கம்பளி சுற்றி அதில் தோய்த்து எழுதினால், வெளிறிய கோடு கடுக்காய் பட்ட துணியில் கறுத்து நிற்கும். படிகார நீர் பட்ட இடத்தில் மட்டுமே செஞ்சாயம் பிடிக்கும். பிறகு ஓடும் நீரில் அலச வேண்டும்.

இச்சித்திரங்களில் கண்ணப்பர் கதையும் உண்டு. கண் இருக்கும் இடம் தவறாதிருக்க, காலை இறைவன் திருமேனியில் ஊன்றிக்கொண்டு, அம்பால் தன் கண்ணை அகழ முனைந்த வேடர் அவர். அவரைத் தமிழில் சேக்கிழார் பாடினார். கிருஷ்ணதேவராயர் காலத்துத் தூர்ஜடி தெலுங்கில் பாடினார். அவர் தமிழரா, தெலுங்கரா என்று வாதிடுவோர் இருக்கிறார்கள். அவ்வாதத்தால் குழந்தைக்கு யாதொரு பயனும் இல்லை. அவ்வேடரின் வில்லையும் நாயையும் வரையச் சொன்னால், அது கேட்கும் கேள்விகளே போதும்.

தேச சரித்திரமும் இத்துணியில் உண்டு. சோழமண்டலக் கரையின் சித்திரத் துணிகள் ஐரோப்பாவில் பெற்ற செல்வாக்கைக் கண்டு அஞ்சி, பிரான்சு 1686-இல் அவற்றைத் தடை செய்தது. இங்கிலாந்து 1721-இல் அவற்றின் உபயோகத்தையே பெரும்பாலும் விலக்கிற்று. 1639-இல் கும்பினியார் சென்னையில் இடம் தேடியதற்கும், அங்கே இத்தகைய துணி மலிவாகக் கிடைக்கும் என்னும் நம்பிக்கையே பெருங்காரணம்.

விடுமுறை நாளில் இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். வடநாட்டுக் கடைகளில் 'ஹரட்' என்று கேட்டால் கடுக்காய் கிடைக்கும். பாலில் தோய்த்த துணியின் வாடையை மட்டும் தாய்மார் பொறுத்தருள வேண்டும்! காளத்திக் கலைஞர் தெலுங்கில் வரி எழுதும் இடத்தில் நம் குழந்தை தமிழில் எழுதட்டும். அதன் கீழே, அடுத்த வீட்டுத் தோழனுக்காக, அவ்வூர் மொழியிலும் ஒரு வரி எழுதட்டும். 'திண்ணன்' என்னும் பெயரிலுள்ள மூன்று சுழி ணகரத்தில் முதல் நாள் சற்றுத் தடுமாறக்கூடும்.