நார்த்தாமலை எங்கிருந்தும் விழவில்லை

அனுமார் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு போனபோது சிதறிய துண்டுகள்தான் நார்த்தாமலையின் ஒன்பது குன்றும் என்று ஊரில் ஒரு கதை உண்டு. நல்ல கதை. மேலமலையும் கடம்பர்மலையும் ஆளுருட்டிமலையும் சமதரையில் திடுதிப்பென்று நிற்பதைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

நிலவியல் சொல்வது நேரெதிர். குன்று எங்கிருந்தும் வரவில்லை. சுற்றியிருந்த நிலம்தான் போய்விட்டது. பூமிக்கடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் இறுகிய கருங்கல் இது. விரிசல் மிகுந்த பகுதிக்குள் தண்ணீர் இறங்கி, கல் மக்கி, மண்ணாகி ஓடிப்போச்சு. விரிசல் குறைந்தது மொட்டைப்பாறையாக மிஞ்சிவிட்டது. 1900-இல் கிழக்கு ஆப்பிரிக்காவைப் பற்றி எழுதிய போர்ன்ஹார்ட் என்ற ஜெர்மானியர் இவ்வகைக்குச் சொன்ன பெயர் 'இன்செல்பெர்க்', அதாவது தீவுமலை. நம் குன்றுகளுக்கும் அது கச்சிதமாகப் பொருந்துகிறது.

மேலிருந்த பாரம் நீங்கினால் பாறை கொஞ்சம் விரியும். அப்போது அதன் முதுகுக்கு இணையாகவே வெடிப்பு ஓடி, வெங்காயச் சருகு மாதிரி அடுக்கடுக்காகக் கழலும். அமெரிக்காவின் சியரா நெவாடாவில் இதைக் கண்டு 1904-இல் விளக்கியவர் கில்பர்ட். ஆனால் பாறைமேல் தீ மூட்டி, பலகை பலகையாகக் கல் எடுத்த நம் கல்லுடைப்பவர்களுக்கு இது கைப்பழக்கத்திலேயே தெரிந்த சங்கதி.

சித்தன்னவாசலின் கிழக்குப் பக்கத்து ஏழடிப்பட்டத்தில், கூரைபோல் துருத்தி நிற்கும் பாறையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த உரிதல்தான் நினைவுக்கு வரும். பாறையில் வெட்டிய ஏழு படிகளால் வந்த பெயர் அது. உள்ளே 17 கற்படுக்கைகள். பெரியதில் ஏறக்குறைய 2,000 ஆண்டுப் பழைமையான தமிழி எழுத்து. சமணத் துறவிகள் குகையைக் குடையவில்லை, கிடைத்த இடுக்கின் தரையை மட்டும் வழவழப்பாக்கிக்கொண்டார்கள். அதனால் தொல்லியலில் இது 'குகைத்தளம்'. அதே குன்றின் மேற்குப் பக்கம், ஓவியங்களுக்குப் பேர்போன அறிவர் கோயில் முழுக்கக் குடைந்தது, ஆகவே 'குடைவரை'. ஒரே கல்தான், வகை வேறு.

வகைப்பாடு வெறும் ஏட்டு விஷயமும் அல்ல. 2010-இல் திருத்தப்பட்ட சட்டப்படி, மத்திய அரசின் பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைப்பகுதி, அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. படுக்கையோ எழுத்தோ சிலையோ இல்லாத குன்றுக்கு இந்தக் காவல் கிடையாது. அரசுக் கணக்கில் அது சிறுகனிமம், ஜல்லிக்கும் எம்-சாண்டுக்கும் ஆகும் சரக்கு. புதுக்கோட்டையில் எழுத்துள்ள குன்றுகளைவிட எழுத்தில்லாதவை எத்தனையோ மடங்கு அதிகம்.