வெளிர்நிற மலம்: பித்தநீர் தடைபட்டதன் அறிகுறியாக இருக்கலாம்

புதுதில்லி: மலம் வெள்ளை, சாம்பல் அல்லது களிமண் நிறத்தில் தொடர்ந்து வெளியேறினால், அது கல்லீரல், பித்தநாளம், கணையம் ஆகியவற்றில் ஏற்பட்ட கோளாறின் அறிகுறியாக இருக்கக்கூடும்.

மலத்துக்குப் பழுப்பு நிறம் தருவது பெரும்பாலும் பித்தநீரே. சிவப்பணுக்கள் சிதையும்போது உருவாகும் பிலிருபின் என்னும் மஞ்சள் நிறமி, பித்தநீருடன் குடலை அடைந்து அங்குள்ள பாக்டீரியாக்களால் பழுப்பாக மாறுகிறது. பாதை அடைபட்டால் மலம் வெளிறுகிறது. தேங்கிய நிறமி ரத்தத்தில் கலப்பதால் சிறுநீர் அடர்ந்த நிறமடைகிறது, கண்கள் மஞ்சளாகின்றன, உடலில் அரிப்பும் தோன்றலாம்.

பெரியவர்களுக்குப் பித்தநாளத்தில் சிக்கிய கல், கல்லீரல் அழற்சி, கணையப் புற்றுநோய் ஆகியவை காரணமாகலாம். பேரியம் பரிசோதனைக்குப் பின்னரும், அலுமினியம் கலந்த அமில முறிவு மருந்துகளாலும் மலம் தற்காலிகமாக வெளிறுவதுண்டு. அதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

பச்சிளங்குழந்தைகளின் நிலை வேறு. பித்தநாள அடைப்பு நோயில், கல்லீரலுக்கு வெளியே உள்ள பித்தநாளங்கள் பிறந்த சில வாரங்களிலேயே அடைபடுகின்றன. ஜப்பானிய மருத்துவர் மோரியோ கசாய் வகுத்த அறுவை சிகிச்சை, குழந்தைக்கு 60 நாள் நிறைவதற்குள் செய்யப்பட்டால் பலன் தரும் வாய்ப்பு அதிகம். தாமதமானால் கல்லீரல் சுருங்கி இறுகிவிடும். குழந்தை நன்றாகப் பால் குடித்து எடை கூடுவதாலேயே பல குடும்பங்கள் ஏமாந்துவிடுகின்றன. மோதி பாக் போன்ற குடியிருப்புகளுக்கு எய்ம்ஸ், சஃப்தர்ஜங் மருத்துவமனைகள் சில கிலோமீட்டர் தொலைவில்தான் உள்ளன. எனினும், காலை வெயிலில் காட்டினால் காமாலை போய்விடும் என்று காத்திருப்பதில் வாரங்கள் கழிந்துவிடுகின்றன.

இந்நோயுடன் பிறந்த காஞ்சிபுரத்துக் குழந்தைக்கு, 1998 நவம்பரில் தில்லி இந்திரப்பிரஸ்தா அப்போலோ மருத்துவமனையில், தந்தையின் கல்லீரல் பகுதியைக் கொண்டு மாற்று அறுவை சிகிச்சை செய்யப்பட்டது. அப்போது அதன் வயது 20 மாதம். நாட்டில் வெற்றிபெற்ற முதல் குழந்தைக் கல்லீரல் மாற்று சிகிச்சை அதுவே. அக்குழந்தை வளர்ந்து மருத்துவரானார்.

தைவானில் 2004 முதல் நாடு முழுவதும் மல நிற அட்டை பெற்றோருக்கு வழங்கப்படுகிறது. அட்டை இல்லாவிட்டாலும், மலத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்த்து, கைப்பேசியில் படமெடுத்து மருத்துவரிடம் காட்டலாம். பிறந்து 14 நாள்களுக்குப் பின்னரும் காமாலை நீடித்தால், மொத்த பிலிருபினுடன் நேரடி பிலிருபின் அளவையும் காட்டும் ரத்தப் பரிசோதனை தேவை. மலமும் வெளிறியிருந்தால், அன்றே குழந்தைநல மருத்துவரை அணுக வேண்டும்.