மேடைத் தமிழில் பால் வழு: அரசியல் பேச்சு குறித்து ஓர் ஆய்வு

1. எல்லை

திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வழுக்களை ஏழாகப் பகுக்கிறது நன்னூல். தமிழக அரசியல் மேடையில் காதில் விழும் பிழைகளை இந்த ஏழில் பொருத்திப் பார்த்தால், பெரும்பாலானவை ஒருமை பன்மை மயங்கும் பால் வழுவில் வந்து குவிகின்றன. இக்கட்டுரை அதையே முதன்மையாக எடுத்துக்கொள்கிறது. ழகர உச்சரிப்பும் பிறமொழிக் கலப்பும் வேறு கணக்கு. தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாத தலைவர்கள் எழுதிவைத்துப் படிக்கும் தமிழையும் சேர்க்கவில்லை. அதில் குற்றம் தேடுவது நாகரிகமன்று.

காட்டும் தொடர்கள் தனியொருவருடையவை அல்ல, எல்லாக் கட்சி மேடைக்கும் பொதுவான வார்ப்புகள். நாளிதழ்ச் செய்தி இதற்குச் சான்றாகாது. அச்சேறுமுன் உதவி ஆசிரியர் திருத்திவிடுவார். ஒலிப்பதிவைத்தான் கேட்க வேண்டும்.

2. பலவின்பால் முற்று

"கோரிக்கைகள் ஏற்கப்பட்டது", "பாலங்கள் கட்டப்பட்டது". ஏற்கப்பட்டன, கட்டப்பட்டன என்பதே எழுத்துத் தமிழ். ஆனால் பேச்சுத் தமிழில் பலவின்பால் வினைமுற்று வழக்கொழிந்துவிட்டது. மாடு ஒன்றானாலும் பத்தானாலும் "வந்துச்சு"தான். திண்ணையில் இப்படிப் பேசுபவரை யாரும் பிழை சொல்வதில்லை. அவரே மேடையேறியதும் "வந்துச்சு" என்பது "வந்தது" ஆகிறது. ஒலி செம்மைப்படுகிறது, உள்ளே இருக்கும் இலக்கணம் பேச்சுடையதாகவே நின்றுவிடுகிறது. ஆகவே இதை அறியாமை என்று தள்ளுவது சரியல்ல. இரண்டு இலக்கணங்கள் ஒரே தொடருக்குள் மோதுகின்றன.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அஃறிணைப் பெயருக்குக் 'கள்' விகுதி கட்டாயமில்லை. மாடு வந்தது, மாடு வந்தன இரண்டும் மரபே. 'கள்' சேர்க்காமல் விட்டிருந்தால் பேச்சாளர் எப்படி முடித்தாலும் தப்பித்திருப்பார்.

3. மிகைப்படும் 'கள்'

"பெரியோர்களே, தாய்மார்களே" என்ற விளியில் 'பெரியோர்' ஏற்கெனவே பலர்பால். அதன்மேல் 'கள்' விகுதிமேல் விகுதி. ஆயினும் 'பூரியர்கள்' எனத் திருக்குறளே ஆள்வதால் இதை வழுவென்று வாதிட நான் துணியேன்.

"ஒவ்வொரு தொண்டர்களும்" என்பது அப்படியன்று. எழுத்துத் தமிழும் ஏற்காது, வீட்டுப் பேச்சிலும் "ஒவ்வொருத்தரும்" என்றே வரும். இரண்டு இலக்கணத்திலும் இடமில்லாத இது மேடையிலேயே பிறந்த பிழை. எதிரே கூட்டம் நிற்கும்போது ஒருமை சிறுத்துத் தெரிகிறது போலும்.

4. உயர்வுப் பன்மை

ஒருவரைப் பன்மையால் சொல்வது வழக்கில் உள்ள உயர்சொல்லே தவிர இலக்கண நெறியன்று என்கிறார் தொல்காப்பியர். அன்று விலக்காக இருந்தது இன்று விதி. "முதலமைச்சர் அறிவித்தார்" என்று சொல்லும் கட்சிக்காரரைத்தான் இப்போது முறைத்துப் பார்ப்பார்கள். "அறிவித்தார்கள்" என்றே சொல்ல வேண்டும். அந்த 'ஆர்கள்' வழிந்து "நம்முடைய அரசு அறிவித்தார்கள்" என்று அஃறிணைக்கும் ஏறும்போது திணை வழுவும் சேர்ந்துகொள்கிறது. உவப்பு, உயர்வு முதலிய காரணங்களால் திணையும் பாலும் மயங்கலாம் என்று நன்னூல் இடம்தருவதால், வழுவமைதி என்று கொள்வாருமுண்டு. நான் அப்படிக் கொள்ளவில்லை. பேசுபவர் அரசை உயர்த்தவில்லை. எழுவாயாக அவர் மனத்தில் இருப்பவர் தலைவர்.

5. காரணம்

காமராசர் பேச்சு வழக்கிலேயே பேசியவர். அங்கு பேச்சிலக்கணமும் எழுத்திலக்கணமும் மோத இடம் குறைவு. அண்ணாவும் அவர் வழிவந்தோரும் செந்தமிழை மேடை மொழியாக்கினர். மதுரையில் கள ஆய்வு செய்த பெர்னார்ட் பேட் 2009இல் வெளிவந்த தம் நூலில், இந்த நடையைத் திராவிட அரசியலின் அழகியலாகவே காண்கிறார். அந்த அழகுக்கு விலை உண்டு. தமிழில் பயனிலை கடைசியில் வருகிறது. அடைமொழிகளை அடுக்கி, கைதட்டலுக்கு நிறுத்தி, மீண்டும் தொடங்கும்போது எழுவாய் என்னவென்பது நினைவில் இராது.

தேர்ந்த பேச்சாளர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். தொடர் எங்கே தடம் புரண்டாலும் "என்பதை இந்த நேரத்திலே தெரிவித்துக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறேன்" என்று முடித்துவிடுகிறார்கள். முன்னே வந்த எழுவாய் எதுவானாலும் இந்த முற்று தன்மை ஒருமையில் நின்று, தோன்றாத 'நான்' என்ற எழுவாயோடு இயைந்துவிடும். பால் வழு சொல்ல வழியில்லை.