“இதுக்க என்ன தண்ணி ஊத்தினீங்க?”

போன அறுவடை நேரம், மாமாட பழைய டீசல் பிக்கப் நெல் மூட்டைகளோட படுவான்கரையிலிருந்து வரும்போது மண்முனைப் பாலத்துக்குக் கிட்ட கொதித்து நின்றுவிட்டது. சூட்டு முள் சிவப்பில. நான் ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போக, மாமா கையைப் பிடித்து இழுத்தார். உள்ளே தண்ணீர் அழுத்தத்தில் இருக்கும். சூட்டோடு திறந்தால் முகத்தில்தான் அடிக்கும்.

கட்டி இழுத்துக்கொண்டு போய் கராஜில் விட்டோம். பாஸ் சாவி எதையும் தூக்கவில்லை. “மனே, முதல்ல வண்டிட கதையச் சொல்லு. இதுக்க என்ன தண்ணி ஊத்தினீங்க?” என்றார். வீட்டுக் கிணற்றுத் தண்ணிதான் என்றேன். “வாவிக்கரைக் கிணறு. மறுகா என்ன!” என்று சிரித்தார்.

அந்தக் கேள்வி என்னை வரலாற்றுப் பக்கம் தள்ளிவிட்டது.

எரிபொருள் தரும் சக்தியில் பெரும்பகுதி சக்கரத்துக்குப் போவதில்லை, சூடாகவே வீணாகிறது. அந்தச் சூட்டை வெளியேற்ற 1901 மெர்சிடிஸ் காருக்கு வில்ஹெல்ம் மேபாக் தேன்கூடு மாதிரியான ரேடியேட்டரை வடிவமைத்தார். ஃபோர்ட் மொடல் டி கார்களில் பெரும்பாலானவற்றுக்குத் தண்ணீர்ப் பம்பே இல்லை. சூடான தண்ணீர் தானே மேலேறிச் சுற்றியது. பிறகு பம்பு, தெர்மோஸ்டாட், அழுத்த மூடி எல்லாம் சேர்ந்தன. நல்ல தண்ணீரும் உதிரிப்பாகமும் கேட்ட நேரம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில்தான் இத்தனையும் ஓடுகின்றன.

எங்கட பக்கத்தில் அந்த நம்பிக்கை பலமுறை உடைந்திருக்கிறது. 1990 ஜூனில் போர் மறுபடி தொடங்கிய பிறகு, புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த இடங்களுக்கு எரிபொருள், பற்றரி, உரம் போன்றவை போவதை அரசாங்கம் தடுத்தது. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. நடுவில் தண்ணீரும் சோதனைச் சாவடியும். அந்தத் தடையின் பெரும்பகுதி 2002 தொடக்கத்தில்தான் நீங்கியது.

அதே தடைக்குள் கிடந்த யாழ்ப்பாணத்தில் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். சூடு காணாவிட்டால் மண்ணெண்ணெய் ஆவியாகாமல் கீழே இறங்கி ஒயிலைக் கெடுக்கும். கூடிவிட்டால் எஞ்சின் இடிக்கும். நாங்கள் பயப்படுகிற சூட்டை அந்தச் சாரதிகள் அளவாகக் காத்து வைத்திருக்க வேண்டியிருந்தது.

போர் முடிந்தது. 2014 இல் மண்முனையில் பாலமும் வந்தது. ஆனால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இடையில் 2022 நெருக்கடி. பழைய வண்டியைக் கைவிட ஆருக்கும் வழியில்லை. இருக்கிறதை வைத்துச் சமாளித்தோம்.

அந்தச் சமாளிப்பெல்லாம் எஞ்சினுக்குள் அப்படியே இருந்தது. அடுத்த நாள் காலை, ஆறின எஞ்சினில், செலவில்லாத சோதனையிலிருந்து பாஸ் தொடங்கினார். தண்ணீர் மட்டம், ஃபேன் பெல்ட், மூடியின் றப்பர், ரேடியேட்டர் இடுக்கில் அடைந்த நெல்லுத் தூசி. பிறகு மூடியைத் திறந்தபடியே ஸ்டார்ட் பண்ணி, விடாமல் குமிழி வருகுதா என்று பார்த்தார். வந்தால் ஹெட் காஸ்கெட் போயிருக்கலாம். ஒயிலில் பால் நிறம் இருக்குதா என்றும் பார்த்தார். ரெண்டும் இல்லை.

தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. “சூடான ஊருக்கு இது எதுக்கு” என்று எப்பவோ ஆரோ கழற்றியிருக்கிறார்கள். சில எஞ்சின்களில் அது இல்லாவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்குவழியாலேயே சுற்றும். எஞ்சின் சூடான பிறகு ரேடியேட்டரைத் தடவிப் பார்த்தால் சில இடம் சுட்டது, சில இடம் குளிர்ந்து கிடந்தது. சவர்த் தண்ணீர் உப்பும் துருவும் குழாய்களை அடைத்திருந்தன.

மாமா உடனே நிறுத்தினபடியால் ஹெட் வளையவில்லை. இன்னும் கொஞ்சத் தூரம் ஓட்டியிருந்தால் அந்தப் போகத்துக் காசு முழுக்க கராஜுக்குத்தான்.

உங்கட வீட்டிலும் பழைய வண்டி இருந்தால், அது கொதிக்க முதல் அப்பாவிடமோ மாமாவிடமோ கேட்டு வையுங்கள்: என்ன தண்ணி ஊத்தினீங்க, எதைக் கழற்றினீங்க, அந்த நேரம் என்ன கிடைக்கவில்லை?