பள்ளிக்கூடம் போகாத பிள்ளையும் கருங்குழியிலிருந்து வந்த கடிதங்களும்

எங்க பொன்னேரிக்கு ஒட்டினாப்புல சின்னக்காவணம்னு ஒரு ஊர் இருக்கு. சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி ரயில்ல வர்றவங்க அந்தப் பேரை கவனிச்சிருக்க மாட்டாங்க. நெல் விளையுற ஊர். வள்ளலாருடைய அம்மா சின்னம்மையார் பிறந்த ஊர் அதுதான். சிதம்பரம் பக்கத்து மருதூர்ல 1823 அக்டோபர் 5ஆம் தேதி இராமலிங்கம் பிறந்தார். சில மாசத்துலயே அப்பா இராமையா பிள்ளை தவறிட்டார். அஞ்சு பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு அந்தம்மா பிறந்த வீட்டுக்குத்தான் வந்தாங்க. கொஞ்ச காலம் கழிச்சு அங்கிருந்து சென்னை. வள்ளலார்னா வடலூர்னு நினைக்கிறோம். ஆனா அவர் வளர்ந்தது, முதல்ல பாடினது எல்லாம் நம்ம வடசென்னைலதான். வயசு முப்பத்தஞ்சை நெருங்குற வரைக்கும் இங்கேயே இருந்தார்.

மூத்த அண்ணன் சபாபதி புராணச் சொற்பொழிவு செய்து குடும்பத்தைக் காப்பாத்தினார். வீடு ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளைத் தெருவில். கோட்டைக்குத் தண்ணி கொண்டுபோக 1772ல கம்பெனிக்காரன் ஏற்பாடு பண்ணின கிணறுகளால வந்த பேர் ஏழுகிணறு. சுத்தி இருந்தது கருப்பர் நகரம். வியாபாரிகள், துபாஷிகள், அச்சுக்கூடக்காரர்கள், புலவர்கள் எல்லாரும் நெருக்கியடிச்சு வாழ்ந்த இடம்.

அந்தக் காலப் பள்ளிக்கூடம் எப்படி இருந்ததுன்னு கொஞ்சம் சொல்லணும். "வெள்ளைக்காரன் வந்துதான் பள்ளிக்கூடம் வெச்சான்"னு இன்னைக்கும் சொல்றவங்க இருக்காங்க. இராமலிங்கம் பிறக்கிறதுக்கு முந்தின வருஷம், 1822ல, கவர்னர் தாமஸ் மன்றோ மாகாணம் முழுக்க பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். 1826ல தொகுத்துப் பார்த்தப்போ 12,498 பள்ளிகள். பெரும்பாலும் திண்ணைப் பள்ளிகள்தான். மணல்ல விரலால எழுதிப் பழகணும், பிறகுதான் ஓலையும் எழுத்தாணியும். ஆத்திசூடி, நிகண்டு, எண்சுவடி எல்லாம் மனப்பாடம். வாத்தியார் இல்லாத நேரம் சட்டாம்பிள்ளை அதிகாரம். இந்த மணல் எழுத்தையும், மூத்தவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுக்கிற வழக்கத்தையும் பார்த்துட்டுத்தான் எழும்பூர் ராணுவ அனாதைப் பிள்ளைகள் பள்ளியை நடத்தின ஆண்ட்ரூ பெல், 1797ல லண்டன்ல அதைப் பத்திப் புத்தகமே போட்டார். இங்கிலாந்துல ஏழைப் பிள்ளைகள் படிச்ச 'மெட்ராஸ் முறை' நம்ம திண்ணையிலிருந்து போனதுதான்.

அப்படிப்பட்ட ஊர்ல இந்தப் பிள்ளை படிக்க உட்காரலை. அண்ணன் முதல்ல தானே சொல்லிக்கொடுத்துப் பார்த்தார். பிறகு தன்னுடைய ஆசிரியரான காஞ்சிபுரம் மகாவித்துவான் சபாபதி முதலியாரிடமே அனுப்பினார். சாதாரண இடமில்லை அது. பெரிய பெரிய ஆட்கள் காத்துக்கிடந்த வாசல். பையனோ பாடத்தை விட்டுட்டு கந்தகோட்டத்துல முருகன் சன்னதியில நின்னு பாடிக்கிட்டிருந்தான். அதைக் கேட்ட மகாவித்துவான், "இவனுக்கு நான் சொல்லிக்கொடுக்க ஒண்ணுமில்லை"ன்னு திருப்பி அனுப்பினார்னு வரலாறு எழுதினவங்க சொல்றாங்க. அண்ணனுக்கு அது பெருமையா படலை. படிக்காத தம்பிக்கு வீட்டுல சோறு கிடையாதுன்னுட்டார். அண்ணி பாப்பாத்தி அம்மாள்தான் புருஷனுக்குத் தெரியாம கொல்லைப்பக்கமா கூப்பிட்டுச் சோறு போட்டாங்க. என்னைக் கேட்டா, இந்தக் கதையில அந்தம்மாவுக்கு இன்னும் பெரிய இடம் கொடுத்திருக்கணும்.

கொஞ்ச காலத்துல, படிக்கிறேன்னு சொல்லி மாடியில ஒரு அறை கேட்டு வாங்கி, கண்ணாடியும் விளக்கும் வெச்சு உட்கார்ந்தான். அங்கே கண்ணாடியில் முருகனைக் கண்டதா பாடியிருக்கார். நம்புறதும் நம்பாததும் அவங்கவங்க விருப்பம். ஒரு நாள் அண்ணனுக்கு உடம்பு சரியில்லாம, சோமு செட்டியார் வீட்டுச் சொற்பொழிவுக்குத் தம்பியை அனுப்பினார். சும்மா நாலு பாட்டைப் படிச்சுட்டு வந்துடுன்னுதான் அனுப்பினது. தம்பி திருஞானசம்பந்தர் கதையை எடுத்துப் பேசினதுல கூட்டம் கலையவே இல்லையாம்.

பிறகு திருவொற்றியூர். ஏழுகிணறுலேர்ந்து கோயில் ஏறத்தாழ எட்டு கிலோமீட்டர். இன்னைக்கு மெட்ரோல கால் மணி நேரம், அன்னைக்கு நடைதான். துறைமுகம் கட்ட ஆரம்பிக்காத காலம். மசூலாப் படகுல அலையைத் தாண்டித்தான் கப்பல் சரக்கு கரைக்கு வரும். எண்ணூர் வரைக்கும் ஆலையோ புகைபோக்கியோ எதுவும் கிடையாது. இந்த வழியில வருஷக்கணக்கா போய் வந்து, வடிவுடையம்மன் மேல மாலை பாடினார். அந்தக் கோயில் சாமிக்கு எழுத்தறியும் பெருமான்னு ஒரு பேர் உண்டு. கோயில்களுக்கு வரி போட்டு ராஜா அனுப்பின ஓலையில 'ஒற்றியூர் நீங்கலாக'ன்னு சாமியே ஒரு வார்த்தையைச் சேர்த்துட்டார்னு கதை. பள்ளிக்கூடத்துல எழுத்து படிக்காத பிள்ளை அந்தப் பெருமான் மேலயும் ஒரு மாலை பாடி வெச்சிருக்கார்.

பாடினார், சரி. ஆனா பாட்டுகள் எங்கே? தாள்ல, ஓலையில, ஆளாளுக்கு ஒண்ணு ரெண்டா சிதறிக் கிடந்தது. சேர்த்து வெக்கணும்கிற எண்ணம் அவருக்கு இருந்ததாத் தெரியலை. 1858 வாக்கில் சென்னையை விட்டுட்டு, சிதம்பரம் பக்கமெல்லாம் போய், வடலூருக்குப் பக்கத்துல கருங்குழிங்கிற கிராமத்துல ஒரு வீட்டுல தங்கிட்டார். சென்னையிலிருந்து இருநூறு கிலோமீட்டர்.

கடிதங்கள் ஆரம்பிக்கிறது இங்கேதான். சென்னையில அவர்கிட்ட பழகினவர்கள்ல ஒருத்தர் இறுக்கம் இரத்தின முதலியார். சிஷ்யர்னு சொல்லலாம், ஆனா கடிதங்களைப் படிச்சா சிநேகிதர்னுதான் தோணும். 1854 அக்டோபர்லதான் நாடு முழுக்க ஒரே விலையில தபால்தலை வந்திருந்தது; அரை அணாவுல ஒரு சின்னக் கடிதம் எந்த ஊருக்கும் போகும். ராயபுரத்துல 1856ல ரயில் வந்தாச்சு, ஆனா அது ஆற்காட்டுப் பக்கம் போற ரயில். கடலூர்ப் பக்கம் ரயில் போனது அதுக்கு இருபது வருஷம் கழிச்சு. அதனால கருங்குழிக் கடிதம் ஓட்டக்காரன் காலையும் மாட்டு வண்டியையும் நம்பித்தான் வந்து சேர்ந்தது.

வள்ளலார் எழுதின கடிதங்கள் பாட்டு மாதிரி இருக்காது. ஆரம்பத்துல எதிராளியைப் புகழ்ந்து நீளமா ஒரு விளிப்பு இருக்கும். அதைத் தாண்டினா நாம பழைய இன்லாண்ட் லெட்டர்ல எழுதின சமாச்சாரம்தான். உங்க சௌக்கியம் எப்படி, உடம்பைப் பார்த்துக்கோங்க, அங்கே வர நினைச்சிருந்தேன், முடியலை. தன்னை நாடி வந்த ஆளுக்கும் 'தாங்கள்'னுதான் எழுதுறார்.

இரத்தின முதலியாருக்கு ஒரே பிடிவாதம்: பாட்டுகளைச் சேர்த்து அச்சுல கொண்டுவரணும். கேட்டுக் கேட்டு எழுதுறார். அங்கிருந்து வர்ற பதில்ல பிடி கிடைக்கலை. கடைசியில, பாட்டு வர்ற வரைக்கும் ஒரு வேளைச் சாப்பாடுதான்னு விரதம் எடுத்துட்டார். இதெல்லாம் 1860ல. யார்கிட்ட இந்த ஆயுதத்தை எடுத்தார்னு பாருங்க. பயிர் வாடினதைப் பார்த்தே தாங்க முடியாதவர். பட்டினிக்காரன் வயிறை நினைச்சுப் பின்னாடி தருமச்சாலையே கட்டினவர். சின்ன வயசுல வீட்டுல சோறு நிறுத்தி வெச்சவங்க, கொல்லைப்புறமா போட்டவங்க ரெண்டு பேரையும் பார்த்தவர். அவரால தாங்க முடியலை. அந்த வருஷம் டிசம்பர் கடைசியில எழுதின கடிதத்துல இசைஞ்சுட்டார். (நான் விவசாயிங்கிறதால சொல்றேன், சாப்பாட்டை வெச்சு மிரட்டுறது எங்க வீட்டுப் பிள்ளைங்க மட்டும் செய்யுற வேலைன்னு நினைச்சிருந்தேன்.)

சம்மதம் கிடைச்சும் புத்தகம் வர ஆறு வருஷம் ஆச்சு. இரத்தின முதலியாரோட புதுவை வேலு முதலியார், செல்வராய முதலியார் எல்லாரும் அலைஞ்சு தேடினாங்க. வள்ளலார்கிட்ட 1849லேயே வந்து சேர்ந்த தொழுவூர் வேலாயுத முதலியார் பாட்டுகளைத் திருமுறைகளாப் பிரிச்சு ஒழுங்கு பண்ணினார். மயிலை சோமசுந்தர செட்டியார் செலவை ஏத்துக்கிட்டார்.

நடுவுல பேர் விஷயமா ஒரு கடிதம் வருது. புத்தகத்துல 'இராமலிங்கசாமி'ன்னு போடறதா இருந்தாங்க. அதுல தனக்குச் சம்மதமில்லை, ஆரவாரமாத் தெரியுற பேர், அப்படி வழங்க வேண்டாம்னு எழுதிட்டார். ஊருக்கு ஊர் சாமியார் பேனர் பார்க்கிற நமக்கு இந்தக் கடிதம் கொஞ்சம் கூச்சமாவே இருக்கும்.

1867 பிப்ரவரியில் முதல் நாலு திருமுறைகள் சென்னையில அச்சாகி வந்தது. சாமின்னு போடலை, பேச்சைக் கேட்டுட்டாங்க. ஆனா முகப்புல 'திருவருட்பிரகாச வள்ளலார்'னு போட்டுட்டாங்க! இது முன்னதை விடப் பெரிசு. அவர் கோவிச்சுக்கிட்டப்போ வேலாயுத முதலியார், "திருவருட்பிரகாச வள்ளல் யார்?னு கேள்வியாத்தான் போட்டோம்"னு சமாளிச்சார்னு சொல்லுவாங்க. அந்தச் சமாளிப்புலதான் இன்னைக்கு நாம கூப்பிடற பேர் நிலைச்சது. அதே வருஷம் மே மாசம் வடலூர்ல தருமச்சாலை அடுப்பு மூட்டினாங்க. புத்தகம் வந்ததும் ஆறுமுக நாவலர் எதிர்த்தது, மஞ்சக்குப்பம் கோர்ட் வரைக்கும் போனது எல்லாம் தனிக் கதை. இன்னொரு நாள் எழுதறேன். அஞ்சாம் திருமுறை 1880ல, ஆறாவது 1885ல வந்தது. அப்போ அவர் இல்லை. 1874 ஜனவரி 30ல மேட்டுக்குப்பத்துல அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டவர்.

இதே வடசென்னைக் கடலோரத்துல, பரீட்சையில தேறாத இன்னொரு பிள்ளை, துறைமுக ஆபீஸ்ல வருஷத்துக்கு 20 பவுன் சம்பளக் குமாஸ்தாவா உட்கார்ந்து 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜுக்குக் கடிதம் போட்டது உங்களுக்குத் தெரியும். ராமானுஜன் தன் கணக்குகளைத் தானே எழுதி அனுப்பினார். ஒற்றியூர்ப் பாட்டுகளுக்கு வேற ஆள் எழுதிக் கேட்க வேண்டியிருந்தது.

வள்ளலார் கடிதங்களை ஆ. பாலகிருஷ்ண பிள்ளை தன்னுடைய பதிப்புல, 1930கள்ல, தொகுத்துப் போட்டார். பிறகு ஊரன் அடிகள் பதிப்புலயும் இருக்கு. நூலகத்துல கேட்டா கிடைக்கும். படிக்கிறப்போ ஒண்ணை கவனிப்பீங்க: அதுல இருக்கிறது கருங்குழிப் பக்கத்திலிருந்து வடக்கே வந்த கடிதங்கள். இரத்தின முதலியார் எப்படிக் கெஞ்சினார், எப்படிச் சண்டை போட்டார்னு பதில்களை வெச்சுத்தான் நாம ஊகிக்கணும்.