வெட்டும் உரிமை யாருக்கு? - வீட்டுக் காகித வெட்டு இயந்திரத்தின் கதை

ஒரு தாளில் பட்டாம்பூச்சி வரைந்து கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தால் அது யாருடைய பட்டாம்பூச்சி? வெட்டியவருடையதுதான் என்று சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும். அதே பட்டாம்பூச்சியை வெட்ட ஓர் இயந்திரத்தைக் காசு கொடுத்து வாங்கிய பிறகு, "இதை வெட்டலாமா?" என்று அந்த இயந்திரத்தைச் செய்த கம்பெனியிடம் அனுமதி கேட்க வேண்டி வந்தால்? வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் அமெரிக்காவில் இதற்காக வழக்கே நடந்திருக்கிறது. பத்தாயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டுப் போராடியும் இருக்கிறார்கள். மேசைமேல் அடங்கிவிடும் ஒரு சிறிய இயந்திரத்துக்குப் பின்னால் இவ்வளவு பெரிய கதை!

டை என்றால் என்ன?

வாழ்த்து அட்டையின் ஓரம் வளைந்து நெளிந்து இருப்பதையும், கல்யாணப் பத்திரிகையின் நடுவில் பிள்ளையார் வடிவில் தாள் வெட்டப்பட்டிருப்பதையும் எல்லோரும் பார்த்திருப்போம். கூரான எஃகுப் பட்டையை வேண்டிய வடிவத்தில் வளைத்துப் பலகையில் பதித்து, அதைத் தாளின் மேல் அழுத்தி வெட்டுவார்கள். அந்த அச்சுக்குத்தான் டை என்று பெயர். அச்சகத் தொழிலில் இது பழைய வேலை.

இதை அச்சகத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு வந்தவர்கள் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஐக்கன்பர்க் தம்பதி. அறிவிப்புப் பலகைக்காக ஆசிரியர்கள் ஒவ்வோர் எழுத்தையும் கையால் வெட்டிக் கஷ்டப்படுவதைப் பார்த்து, 1977-ல் 'எலிசன் லெட்டர் மெஷின்' என்ற கை அழுத்த இயந்திரத்தை உருவாக்கினார்கள். கைப்பிடியை இழுத்து அழுத்தினால் எழுத்து தனியே வந்துவிடும். மின்சாரமும் வேண்டாம், கணினியும் வேண்டாம்.

ஆனால் இதில் ஒரு சங்கதி இருக்கிறது. 'A' வெட்ட ஒரு டை, 'B' வெட்ட இன்னொரு டை, நட்சத்திரத்துக்கு வேறொன்று. இயந்திரம் ஒரு தடவைதான் விற்கும். டையோ விற்றுக்கொண்டே இருக்கும். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் நடந்தது எல்லாம் எளிதில் புரியும்.

யூட்டாவும் ஆல்பங்களும்

இந்தக் கதையின் பெரும்பகுதி அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நடக்கிறது. அங்கே பெரும் எண்ணிக்கையில் வாழும் மார்மன் மக்களுக்குக் குடும்ப வரலாற்றைப் பதிந்து வைப்பது மிக முக்கியமான கடமை. 1980-ல் சால்ட் லேக் சிட்டியில் நடந்த உலக ஆவண மாநாட்டில் மாரியெலன் கிறிஸ்டென்சன் என்ற பெண்மணி, தன் குடும்பப் படங்களையும் நினைவுகளையும் ஒட்டி அலங்கரித்த 50-க்கும் மேற்பட்ட ஆல்பங்களைக் காட்சிக்கு வைத்தார். அதன் பிறகு 'ஸ்கிராப்புக்கிங்' என்ற அந்தப் பொழுதுபோக்கு நாடு முழுக்கப் பரவியது.

ஆல்பப் பக்கத்துக்கு 12 அங்குலச் சதுரம் என்ற அளவு பரவலானது. (இன்று விற்கும் வெட்டு இயந்திரங்களில் பெரும்பாலானவை 12 அங்குல அகலத்தில் இருப்பதற்கு இதுவே காரணம்.) பக்கத்தை அலங்கரிக்கப் பூவும் எழுத்தும் வேண்டும். யூட்டாவின் ப்ரோவோ நகரில் கைவினைப் பொருள் கடையாகத் தொடங்கிய 'ப்ரோவோ கிராஃப்ட்' நிறுவனம் எலிசனோடு கைகோத்து, 2001-ல் 'சிசிக்ஸ்' என்ற வீட்டு உபயோக டை இயந்திரத்தைக் கொண்டு வந்தது. டை விற்கும் வியாபாரத்தின் ருசி அந்த நிறுவனத்துக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

பேனாவுக்குப் பதில் கத்தி

இதே காலத்தில் ஜப்பானில் வேறொரு பாதை திறந்தது. பொறியாளர் அலுவலகங்களில் வரைபடம் போடும் 'ப்ளாட்டர்' என்ற கருவி இருந்தது. கணினி சொல்லும் இடத்துக்கெல்லாம் பேனாவை நகர்த்தி அது கோடு போடும். பேனாவைக் கழற்றிவிட்டு ஒரு சிறு கத்தியை மாட்டினால்? கோடு போட்ட இடமெல்லாம் வெட்டுப்படும்! கத்தி தன் அச்சில் தானே சுழலும். இழுக்கும் திசைக்கு ஏற்பத் திரும்பிக்கொள்ளும். லேசான பசையுள்ள பாயில் தாளை ஒட்டினால் அது நகராது. உருளை பாயை முன்னும் பின்னும் இழுக்க, கத்தி இடமும் வலமும் போகும். தத்துவம் அவ்வளவுதான்.

ப்ளாட்டர் செய்வதில் பேர்பெற்ற ஜப்பானின் கிராஃப்டெக் நிறுவனம் இதை மேசை அளவுக்குச் சுருக்கி 'கிராஃப்ட் ரோபோ' என்று விற்றது. அதன் வழி வந்ததே 'சில்லவெட்' இயந்திரங்கள். கணினியோடு இணைக்க வேண்டும். என்ன வரைகிறோமோ அதை வெட்டும். டையும் வேண்டாம், டை விற்பவரும் வேண்டாம்.

கார்ட்ரிட்ஜ் காலம்

2000-களின் நடுவில் ப்ரோவோ கிராஃப்ட் தன் மின்னணு இயந்திரத்தைக் கொண்டு வந்தது. அதன் பெயர் 'கிரிக்கட்'. (பந்தும் மட்டையும் தேட வேண்டாம், ஆங்கிலத்தில் சில்வண்டுக்கும் அதுதான் பெயர்!) உள்ளே இருந்தது அதே கத்திதான். எந்த வடிவத்தையும் வெட்டும் திறமை அதற்கும் உண்டு. ஆனால் அதற்கு வடிவம் கொடுக்கும் வழி ஒன்றே ஒன்று: கம்பெனி விற்கும் கார்ட்ரிட்ஜ். வீடியோ கேம் போலச் செருக வேண்டும், அதோடு வரும் உறையை விசைப்பலகை மேல் விரிக்க வேண்டும், படத்தை அழுத்தினால் வெட்டும்.

கணினியே தேவையில்லை என்பதால் இல்லத்தரசிகளும் பள்ளி ஆசிரியைகளும் பயமில்லாமல் வாங்கினார்கள். இது உண்மையான வசதி. குறை சொல்ல முடியாது. ஆனால் கூர்ந்து பார்த்தால் கார்ட்ரிட்ஜ் என்பது எஃகு டையின் மறுபிறவி. எஃகு டைக்கு ஒரு நியாயம் இருந்தது: அந்த எஃகு இல்லாமல் அந்த வடிவம் வராது. கார்ட்ரிட்ஜுக்கு அந்த நியாயமும் இல்லை. இயந்திரத்தால் முடியும், ஆனால் விடமாட்டோம் என்பதே அதன் பொருள்.

நீதிமன்றப் படி

பூட்டு இருந்தால் சாவி செய்பவரும் இருப்பார் அல்லவா? 'மேக் த கட்', 'ஷூர் கட்ஸ் எ லாட்' என்ற இரண்டு மென்பொருள்கள் வந்தன. கணினியில் உள்ள எந்த எழுத்துருவையும், சொந்தமாக வரைந்த எந்தப் படத்தையும் இவை கிரிக்கட்டுக்கு நேரடியாக அனுப்பின. கார்ட்ரிட்ஜ் வாங்க வேண்டியதில்லை.

ப்ரோவோ கிராஃப்ட் சும்மா இருக்குமா? 2010-ல் 'மேக் த கட்' மீது வழக்குப் போட்டது. 2011-ன் தொடக்கத்தில் சமரசம் ஏற்பட்டு, அந்த மென்பொருள் கிரிக்கட்டை ஆதரிப்பதை நிறுத்தியது. 'ஷூர் கட்ஸ் எ லாட்' மீதான வழக்கும் அதே மாதிரியே முடிந்தது. இயந்திரத்தை விலை கொடுத்து வாங்கியவர்கள் அந்த வழக்குகளில் ஒரு தரப்பாகவே இல்லை. தீர்வின் விளைவு மட்டும் அவர்கள் மேசைக்கு வந்து சேர்ந்தது.

பூட்டு திறந்தது... இடம் மாறியது

போட்டியாளர்கள் விடவில்லை. 2013-ல் பிரதர் நிறுவனம் 'ஸ்கேன் அண்ட் கட்' கொண்டு வந்தது. கையால் வரைந்த படத்தை உள்ளே வைத்தால் அதுவே ஸ்கேன் செய்து வெட்டும். கணினி வேண்டாம், கார்ட்ரிட்ஜும் வேண்டாம். 2014-ல் வந்த 'கிரிக்கட் எக்ஸ்ப்ளோர்' இயந்திரத்தில் கடைசியில் அந்த நிறுவனமும் இறங்கி வந்தது. சொந்தப் படத்தை இலவசமாக ஏற்றி வெட்டலாம். ஆனால் எல்லாம் 'டிசைன் ஸ்பேஸ்' என்ற மென்பொருள் வழியாகத்தான். அதற்குக் கம்பெனியிடம் ஒரு கணக்கு வேண்டும். பூட்டு கார்ட்ரிட்ஜிலிருந்து கழன்று கம்பெனியின் சர்வருக்குப் போய்விட்டது!

இதன் பொருள் 2018 ஜூலையில் தெரிந்தது. பழைய கிரிக்கட் இயந்திரங்களைக் கணினியோடு இணைத்த 'கிராஃப்ட் ரூம்' மென்பொருள் நிறுத்தப்பட்டது. புதிய டிசைன் ஸ்பேஸோ அந்தப் பழைய இயந்திரங்களை ஏற்காது. கார்ட்ரிட்ஜைக் கையில் வைத்திருந்தவர்கள் மட்டும் செருகி வெட்டிக்கொண்டே இருந்தார்கள். எந்தக் கார்ட்ரிட்ஜை எல்லோரும் திட்டினார்களோ அதுவே காப்பாற்றியது. விதியின் விளையாட்டு என்பது இதுதான்.

2021 மார்ச்

கொரோனா ஊரடங்கில் வீட்டுக்குள் அடைந்தவர்கள் கைவினையில் இறங்கினார்கள். கிரிக்கட் நிறுவனத்தின் வருமானம் 2019-ல் சுமார் 487 மில்லியன் டாலராக இருந்தது, 2020-ல் 959 மில்லியன் டாலராக உயர்ந்தது. நிறுவனம் பங்குச் சந்தைக்குத் தயாரானது.

அந்த நேரத்தில், 2021 மார்ச்சில் ஓர் அறிவிப்பு வந்தது. மாதச் சந்தா கட்டாதவர்கள் மாதத்துக்கு 20 படங்களுக்கு மேல் ஏற்ற முடியாது. புதிதாக வாங்குபவர்களுக்கு மட்டுமல்ல, ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும்தான்! சந்தா மாதம் 9.99 டாலர். தங்கள் சொந்தப் படத்தைத் தங்கள் சொந்த இயந்திரத்தில் வெட்ட வாடகையா என்று மக்கள் கொதித்தார்கள். இணைய மனுவில் 60,000-க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். சில நாட்களிலேயே தலைமைச் செயல் அதிகாரி ஆஷிஷ் அரோரா முதலில் பாதி இறங்கி வந்தார். பிறகு மார்ச் 18 அன்று முழுவதையும் கைவிடுவதாக அறிவித்தார். ஒரு வாரம் கழித்து, மார்ச் 25-ல் நிறுவனப் பங்கு நாஸ்டாக்கில் வர்த்தகத்துக்கு வந்தது.

2011-ல் கம்பெனி வென்றது, 2021-ல் வாங்கியவர்கள் வென்றார்கள். முன்னது நீதிமன்றத்தில், பின்னது இணையத்தில்.

தேர்வு செய்யும்போது...

வெட்டு இயந்திரம் வாங்கப் போகிறவர்கள் வழக்கமாகக் கேட்பது மூன்று கேள்விகள்: எவ்வளவு அகலம்? எவ்வளவு அழுத்தம்? என்ன விலை? இவை தேவையான கேள்விகளே. 2017-ல் வந்த 'கிரிக்கட் மேக்கர்' 4 கிலோ அழுத்தம் வரை தரும். துணியையும் மெல்லிய மரத் தகட்டையும் வெட்டும். வாழ்த்து அட்டை மட்டும் செய்பவருக்கு அவ்வளவு வேண்டியதில்லை.

ஆனால் இந்த வரலாறு இன்னும் மூன்று கேள்விகளைச் சேர்க்கச் சொல்கிறது. இணையமும் கம்பெனிக் கணக்கும் இல்லாமல் இது வெட்டுமா? நான் வரைந்த கோப்பை அப்படியே வாங்கிக்கொள்ளுமா? கம்பெனி நாளை மென்பொருளை நிறுத்தினால் வேறு வழி உண்டா? எந்த நிறுவனமும் இதில் முழு உத்தமர் இல்லை. சில்லவெட் மென்பொருள் இணையம் இல்லாமல் இயங்கும்; ஆனால் எஸ்.வி.ஜி. வகைக் கோப்பைத் திறக்கத் தனியாகப் பணம் கட்டி மேம்படுத்த வேண்டும். அதே சமயம், சில்லவெட் இயந்திரங்களை லினக்ஸிலிருந்தே இயக்கும் இலவச நிரல்களைத் தன்னார்வலர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அது ஒரு பாதுகாப்பு.

எஃகு டை, கார்ட்ரிட்ஜ், சந்தா என்று பெயர்தான் மாறியிருக்கிறது. இயந்திரத்தை விற்ற பிறகும் வருமானம் வந்துகொண்டே இருக்க வேண்டும் என்ற கணக்கு மாறவில்லை. கத்தியின் கூர்மை சில மாதங்களில் மழுங்கும், புதிதாக மாற்றிக்கொள்ளலாம். வெட்டும் உரிமை யார் கையில் இருக்கிறது என்பதை மட்டும், பணம் கொடுப்பதற்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.