கிறிஸ்டி ராம்போன்

ராம்போன், கிறிஸ்டி (பிறப்பு 24 ஜூன் 1975, இயற்பெயர் கிறிஸ்டி பியர்ஸ்): அமெரிக்கக் கால்பந்து வீராங்கனை, தடுப்பாட்டக்காரர். 1997 முதல் 2015 வரை நாட்டு அணிக்காக 311 ஆட்டங்களில் இறங்கியவர். ஐந்து உலகக் கோப்பைகள், நான்கு ஒலிம்பிக்குகள் கண்டவர். அவற்றில் இரண்டு உலகக் கோப்பைகளும் மூன்று ஒலிம்பிக் தங்கங்களும் அவர் இருந்த அணிக்குக் கிடைத்தன. தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவரின் சாதனைப் பட்டியலாகவே இதை வாசிப்பது வழக்கம். ஆனால் அந்தத் ‘தொழில்முறை’ என்ற சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது. அவர் ஆடிய காலத்தில் அமெரிக்க மகளிருக்கென முதல்நிலைத் தொழில்முறை லீக்குகள் மூன்று தோன்றின. இரண்டு இழுத்து மூடப்பட்டன. எண்ணிப் பார்த்தால், அவருடைய 19 பருவங்களில் பத்தில் அப்படியொரு லீக்கே கிடையாது. இந்த நீண்ட வாழ்க்கையைத் தாங்கியது கிளப் அல்ல, நாட்டு அணியும் அதை நடத்திய சம்மேளனமும்தான் என்பதே கிடைக்கும் சான்றுகள் சொல்லும் செய்தி.

ஃபுளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேலில் பிறந்த அவர் வளர்ந்தது நியூஜெர்சியின் கடலோர ஊரான பாயின்ட் பிளசன்ட்டில். மான்மத் பல்கலைக்கழகத்துக்கு அவர் போனது கூடைப்பந்து உதவித்தொகையில். அங்கே அவர் பாயின்ட் கார்டு. கூடவே கால்பந்தும் ஆடி, 80 ஆட்டங்களில் 79 கோல்கள் அடித்தார். அதாவது, தடுப்பாட்டக்காரராகப் பேர் எடுத்தவர் அடிப்படையில் ஒரு முன்கள வீராங்கனை. 1997 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக நாட்டு அணியில் அறிமுகமானபோது முன்களத்தில் மியா ஹாம் இருந்தார், டிஃபனி மில்பிரெட் இருந்தார். புதியவருக்கு அங்கே இடமில்லை. அவருடைய வேகம் பின்களத்தில் பயன்பட்டது. தடுப்பு வரிசை முன்னேறி நிற்கும்போது அதன் முதுகுக்குப் பின்னால் விழும் பந்தை எதிராளிக்கு முன்னே ஓடிப் பிடிப்பவர் ஒருவர் வேண்டும். அந்த வேலை அவருடையதானது. கல்லூரியில் 79 கோல் அடித்தவர் 311 சர்வதேச ஆட்டங்களில் அடித்தவை வெறும் நான்கு. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், அணியில் இடம்பிடிக்க அவர் எதை விட்டுக்கொடுத்தார் என்பது விளங்கும்.

1999 உலகக் கோப்பை இறுதியாட்டத்தைக் காண கலிஃபோர்னியாவின் ரோஸ் பவுல் அரங்கில் 90,185 பேர் கூடினார்கள். அந்தக் கூட்டத்தை நம்பித்தான் 2001இல் எட்டு அணிகளோடு முதல் லீக் தொடங்கியது. ராம்போன் நியூயார்க் பவர் அணியில் ஆடினார். மூன்றே பருவங்களில் சுமார் 10 கோடி டாலர் கரைந்தது. 2003 உலகக் கோப்பை தொடங்க ஐந்து நாள் இருக்கும்போது, செப்டம்பர் 15 அன்று, லீக் மூடப்பட்டது. அந்த எட்டு அணிகளிலும் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு அன்றோடு ஊதியம் நின்றது. நாட்டு அணிக்காரர்களுக்கு மட்டும் நிற்கவில்லை. 2000இன் தொடக்கத்தில் ஆஸ்திரேலியப் பயணத்தைப் புறக்கணித்து அவர்கள் சம்மேளனத்தோடு போராடிப் பெற்ற ஒப்பந்தம் அவர்களுக்குக் கைகொடுத்தது. 2004 முதல் 2008 வரையிலான ஐந்து லீக் இல்லாத ஆண்டுகளில் ராம்போன் இரண்டு ஒலிம்பிக் தங்கமும் வென்றார், ஒரு குழந்தைக்குத் தாயும் ஆனார்.

இதை மறுத்து ஒன்று சொல்லலாம். அதே ஒப்பந்தத்தின் கீழ் இருந்த மற்றவர்கள் ஏன் நாற்பது வயதுவரை ஆடவில்லை? அப்படியானால் இது அவருடைய உடலின் பெருமைதானே, சம்மேளனத்துக்கு இதில் என்ன பங்கு? கேள்வியில் நியாயம் இருக்கிறது. 2011 வாக்கில் லைம் நோய் கண்டறியப்பட்ட பிறகும் மேலும் நான்கு ஆண்டுகள் அவர் ஆடியதை எந்த ஒப்பந்தத்தாலும் விளக்க முடியாது. ஆனால் உடல் மட்டும் போதும் என்றால், லீக் மூடியபின் காணாமல் போனவர்களிலும் அத்தகைய உடல் உடையவர்கள் சிலராவது இருந்திருப்பார்கள். அதைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்புதான் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அவருக்கு முன்னோடியான தடுப்பாட்டக்காரர் ஜாய் ஃபாசெட் இதற்குச் சரியான சாட்சி. மூன்று மகள்களைப் பெற்றும் அவர் 2004 வரை ஆடினார். பயணங்களில் உடன்வரும் குழந்தைப் பராமரிப்பாளரின் செலவைச் சம்மேளனமே ஏற்கும்படி வீராங்கனைகள் வாதாடிப் பெற்றிருந்தார்கள். ராம்போன் 2005இலும் 2010இலும் மகள்களைப் பெற்றுவிட்டு ஒவ்வொரு முறையும் களத்துக்குத் திரும்பினார் என்றால், அந்தப் பாதையை ஃபாசெட்டின் தலைமுறை முன்பே போட்டு வைத்திருந்தது.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. அவருடைய வாழ்க்கையின் மிக வியப்பான அத்தியாயம் கிளப்பில்தானே நடந்தது? 2009இல் இரண்டாவது லீக் தொடங்கியபோது அவர் நியூஜெர்சியின் ஸ்கை புளூ அணியில் இருந்தார். ஒரே பருவத்தில் இரண்டு பயிற்சியாளர்கள் போய்விட, மூன்றாவதாக அந்தப் பொறுப்பு ஆடிக்கொண்டிருந்த அவர் தலையிலேயே விழுந்தது. நான்காம் இடத்தோடு ஒட்டிக்கொண்டு பிளேஆஃபுக்குள் நுழைந்த அணி, எட்டு நாளுக்குள் வாஷிங்டன், செயின்ட் லூயிஸ், லாஸ் ஏஞ்சலிஸ் என மூன்று வெளியூர் ஆட்டங்களையும் வென்றது. பிரேசிலின் மார்த்தா ஆடிய லாஸ் ஏஞ்சலிஸ் சோல் அணியை இறுதியாட்டத்தில் 1–0 என்று வீழ்த்திக் கோப்பையைப் பெற்றது. அப்போது ராம்போன் கருவுற்றிருந்தார் என்பது பிறகுதான் வெளியே தெரிந்தது. கிளப் ஆட்டத்தால் கிடைத்த பெருமை இது, ஐயமில்லை. ஆனால் பயிற்சியாளர் இருக்கையில் அமர ஆளின்றி ஆட்டக்காரரையே அமர்த்த நேர்ந்த லீக், தன் காலில் உறுதியாக நின்றதென்று யாரும் சொல்லமாட்டார்கள். அதுவும் மூன்று பருவங்களோடு நின்றுபோனது. 2013இல் தொடங்கிய மூன்றாவது லீக் பிழைத்திருக்கிறது. அதன் தொடக்க ஆண்டுகளில் நாட்டு அணி வீராங்கனைகளின் சம்பளத்தை அமெரிக்க, கனடிய, மெக்சிகோ சம்மேளனங்களே கொடுத்தன.

2008இல் கிறிஸ்டின் லில்லி மகப்பேற்றுக்காக விலகியிருந்த வேளையில், நாட்டு அணியின் பயிற்சியாளர் பியா சுண்டாகே ராம்போனை அணித்தலைவியாக்கினார். பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தொடக்கம் படுமோசம்: நார்வேயிடம் முதல் நான்கு நிமிடங்களுக்குள் இரண்டு கோல்கள் வாங்கி 0–2 என்று தோற்றார்கள். அதே பின்களம் இறுதியாட்டத்தில் மார்த்தாவும் கிறிஸ்டியானும் இருந்த பிரேசிலைக் கூடுதல் நேரம் முடியும்வரை ஒரு கோலும் அடிக்க விடவில்லை. தடுப்பாட்டக்காரரை அளக்க எண்கள் குறைவு. இப்படி நடக்காமல் போனவற்றைக் கொண்டுதான் அளக்க வேண்டியிருக்கிறது. 2011 உலகக் கோப்பை இறுதியில் ஜப்பானிடம் பெனால்டி ஷூட்அவுட்டில் தோற்ற அணி, 2012 ஒலிம்பிக் இறுதியில் வெம்பிளியில் 80,203 பார்வையாளர் முன்னிலையில் அதே ஜப்பானை 2–1 என்று வென்றது. இரண்டிலும் அவரே தலைவி.

அவர் வென்ற இரண்டு உலகக் கோப்பைகளிலும் பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரர் இருக்கையில்தான் இருந்தார், களமிறங்கி ஆடிய 2003, 2007, 2011இல் அணி வெல்லவில்லையே என்று கணக்குப் பார்ப்பவர்கள் உண்டு. கணக்கு தவறில்லை. அமெரிக்க அணி நட்பு ஆட்டங்கள் நிறைய ஆடும் என்பதால் 311 என்ற எண் மற்ற நாட்டுக்காரர்களின் எண்ணோடு ஒப்பிடத்தக்கதல்ல என்பதும் சரிதான். ஆனால் இவை இரண்டும் மேலே சொன்னதற்கு எதிராகப் போகவில்லை: லீக் இல்லாத நாட்டில் நாட்டு அணியே ஆண்டு முழுவதும் ஆடும் கிளப்பாக இயங்கியதால்தான் அத்தனை ஆட்டங்கள். 2015இல் நடுத்தடுப்பில் பெக்கி சாவர்பிரனும் ஜூலி ஜான்ஸ்டனும் நின்றார்கள். வான்கூவரில் ஜப்பானுக்கு எதிரான இறுதியாட்டம் 5–2 என்று முடிவை நெருங்கியபோது, 40 வயதும் 11 நாளும் ஆன ராம்போன் 86ஆம் நிமிடத்தில் களமிறங்கினார். மகளிர் உலகக் கோப்பையில் அதுவரை அவ்வளவு வயதில் யாரும் ஆடியதில்லை. கோப்பையை அவரும் சக வீராங்கனை ஆபி வாம்பாக்கும் சேர்ந்து உயர்த்தினார்கள். 1999 அணியில் அப்போதும் ஆடிக்கொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான். அந்த வயதுச் சாதனையை 2019இல் பிரேசிலின் ஃபோர்மிகா 41 வயதில் முறியடித்தார்.